பொருந்தும் என்னும் வாக்கு

ஒரு பொருள் நல்லது என்று சொல்வதற்கு அந்தப் பொருள் ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் போதும். அது பொருந்தும் என்று சொல்வதற்கோ இரண்டு பொருள்களை அறிந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் நாள்தோறும் எண்ணற்ற முறை சொல்லப்படும் இச்சொல்லைப் பெரும்பாலும் சொல்பவர்கள் ஒன்றை மட்டுமே அறிந்தவர்கள். அதனாலேதான், பொய் சொன்னவர் ஒருவரும் இல்லாமலே ஒருவர் ஏமாந்து நிற்கும் நிலை உண்டாகிறது. அந்நிலையில் நட்டம் யாரைச் சாரும்? குற்றம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது யாருடையது? இவ்வினாவைப் பழைய மோட்டார் காருக்கு மாற்று எஞ்சின் வாங்கும் சிறு வியாபாரம் ஒன்றை முன்வைத்து ஆராய விரும்புகிறோம்.

மதரஸா வகுப்பில் சட்ட விவகாரம் ஒன்றை விளக்க வரும் உஸ்தாது, ஜைது என்றும் அம்ரு என்றும் இருவரைக் கற்பித்துக்கொள்வார். நஹ்வு இலக்கணப் பாடத்தில் ஜைது அம்ருவை ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பார். ஃபிக்ஹுப் பாடத்தில் அதே அம்ருவுக்கு எதையேனும் விற்றுக்கொண்டிருப்பார். நாமும் அவ்விருவரையே அழைத்துக்கொள்வோம்.

நம்முடைய அம்ரு, அருப்புக்கோட்டை திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் சீமையில் குமாரலிங்கபுரத்துக்காரர். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் மல்லியும் விதைக்கும் நிலம் அது. அங்கே ஒருவர் ஓர் எஞ்சினுக்கென்று ஒதுக்கும் தொகை ஒரு பருவத்து வெள்ளாமையாக இருக்கக்கூடும். அவரிடம் தந்தையார் விட்டுச் சென்ற 1976ஆம் ஆண்டு அம்பாசடர் கார் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஊரே ஏறிச் சென்ற வண்டி. எஞ்சின் தேய்ந்து புகை தள்ளுகிறது. மாற்றுவதே நலம் என்றாகிவிட்டது. ஜைது, சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் உதிரிப்பாகங்களை விற்பவர்.

அம்ரு, “அம்பாசடர் எஞ்சின் வேண்டும்” என்கிறார். ஜைது, “இருக்கிறது, பாய், பொருந்தும்” என்கிறார். பணம் கைமாறுகிறது. ஐந்நூறு கிலோமீட்டர் லாரியில் வந்து இறங்கிய எஞ்சின் வண்டியில் உட்கார மறுக்கிறது. ஜைது கொடுத்தது அம்பாசடர் எஞ்சின்தான், பழுதற்றதும்கூட. அம்ரு கேட்டதும் அதைத்தான். பொய் எங்கே புகுந்தது?

அது பெயருக்குள்ளேயே இருந்தது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1950களின் இறுதியில் இவ்வண்டியைச் செய்யத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உடல் ஏறத்தாழ ஒரே வடிவில் இருந்ததால், உள்ளேயும் ஒன்றே இருந்தது என்று மக்கள் எண்ணிவிட்டார்கள். உண்மை அதுவன்று. தொடக்கத்தில் அதிலிருந்தது 1476 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த எஞ்சின். 1959இல் அதை நீக்கி, வால்வுகள் மேலே அமைந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். 1980ஐ ஒட்டி டீசல் எஞ்சின் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் வடிவமைப்பிலான 1817 கன சென்டிமீட்டர் எஞ்சினும் அதனோடு ஐந்து கியர் பெட்டியும் வந்தன. இவை அனைத்துக்கும் கடைத்தெருவில் ‘அம்பாசடர் எஞ்சின்’ என்றே பெயர்.

இதில் ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். அந்த டீசல் எஞ்சினின் கொள்ளளவும் 1489தான். பெட்ரோல் எஞ்சினும் அதுவும் ஒரே ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவை; சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் நீளமும் இரண்டுக்கும் ஒன்றே. பெயர் ஒன்று, எண் ஒன்று, தொழிற்சாலையும் ஒன்று. ஆனால் பெட்ரோல் எஞ்சின், உள்ளிழுத்த கலவையை ஏழெட்டு மடங்கு அழுத்திப் பொறியால் பற்றவைக்கும். டீசலோ காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தி, அந்த வெப்பத்திலேயே எண்ணெயை எரிக்கும். அதற்குப் பிளக்கும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. அத்தகைய அழுத்தத்தை எதிர்த்துச் சுழற்றத் தொடங்க வலிய ஸ்டார்ட்டரும் பெரிய பேட்டரியும் வேண்டும். எரிபொருளை அனுப்பும் பம்பும் குழாயும் வேறு. எண்ணைப் பார்த்து ஒன்றென்று முடிவு செய்தவருக்கு வண்டியில் பாதியை மாற்ற வேண்டியதாகும்.

ஒரே வகை எஞ்சினாயினும் பொருத்தம் பார்க்க வேண்டிய இடங்கள் பல உள. அவற்றில் முதன்மையானது எஞ்சினின் முதுகுப்புறம். அங்கேதான் அது கியர் பாக்ஸோடு சேர்கிறது. அம்ரு மாற்றுவது எஞ்சினை மட்டும். கியர் பாக்ஸ் பழையதே. ஆகவே பின்தகட்டின் போல்ட்டுத் துளைகள் ஒன்றோடொன்று நேராக வர வேண்டும். கிளட்ச் தட்டின் நடுவிலுள்ள பற்கள், கியர் பாக்ஸிலிருந்து நீண்டுவரும் தண்டின் பற்களோடு எண்ணிக்கையிலும் அளவிலும் ஒத்திருக்க வேண்டும். அத்தண்டின் முனை கிராங்க் ஷாஃப்ட்டின் கடைசியிலுள்ள சிறு புஷ்ஷுக்குள் ஆடாமலும் இறுகாமலும் உட்கார வேண்டும். பிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம் ஸ்டார்ட்டரின் பல்லோடு இணங்க வேண்டும். அடுத்து எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகள் இருக்குமிடம். கீழே ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்பது. சைலன்சர் குழாய் புறப்படும் பக்கம். ரேடியேட்டர் ஹோஸின் வாய். பழைய டயனமோவுக்கான தாங்கி இருக்கிறதா, பின்னால் வந்த ஆல்ட்டர்னேட்டருக்கானதா என்பது. இவற்றில் சிலவற்றைப் பழைய எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ளலாம். முதுகுப்புறம் ஒவ்வாவிட்டால் அவ்வாறு சமாளிக்க இயலாது. கியர் பாக்ஸையும் சேர்த்தே வாங்க நேரிடும்.

இத்தனைக்கும் விடை ஜைதின் கடையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாதி விடை குமாரலிங்கபுரத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டியில் இருக்கிறது. அவ்வண்டியை ஜைது கண்டதில்லை. முப்பது ஆண்டுகளில் எந்த மெக்கானிக் அதில் எதை மாற்றினார் என்பதை அம்ருவே முழுதும் அறியார். ஜைது “பொருந்தும்” என்றபோது, தாம் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொன்னார். அம்ரு அதை ஏற்றபோது, சாட்சி எதைப் பார்த்தது என்று கேட்காமல் ஏற்றார்.

கரிசல் நாட்டார் இதை அறியாதவர் அல்லர். கமலையில் தண்ணீர் இறைத்த காலத்தில், ஜோடியில் ஒரு காளை இறந்துபோனால் மற்றொன்று தேடி மாட்டுத்தாவணிக்குப் போவார்கள். சந்தையிலேயே நல்ல காளை எது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. வீட்டில் நிற்கும் காளையின் உயரம் என்ன, நடை எத்தகையது, நுகத்தின் எந்தப் பக்கம் பழகியது என்பவற்றை மனத்தில் வைத்துக்கொண்டே தேடுவார்கள். இடப்பக்கம் பழகிய இரண்டு காளைகள் தனித்தனியே எவ்வளவு சிறந்தவையாயினும் ஓர் ஏரில் சேர்ந்து உழா. சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, பிறகே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். சிலர் வீட்டுக் காளையையே சந்தைக்கு ஓட்டிச் சென்று அருகே நிறுத்திப் பார்த்ததும் உண்டு. அந்த அறிவு மாட்டோடு போய்விட்டதோ என்று நமக்கு ஐயமாக இருக்கிறது. இரும்பு என்றவுடன், ஓர் அச்சில் வார்த்தவை எல்லாம் ஒன்றே என்னும் மயக்கம் வந்துவிடுகிறது.

போல்ட்டுகள் சேர்ந்துவிட்டாலும் பொருத்தம் முடிந்துவிடுவதில்லை. மேற்சொன்ன அதே நிறுவனம், அதே 1489 பெட்ரோல் எஞ்சினை 1984இல் காண்டெஸ்ஸா என்னும் பெரிய காரில் வைத்தது. அது பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரின் உடல், கனமானது. எஞ்சின் பொருந்திற்று, ஆனால் எடையை இழுக்கத் திணறிற்று. பின்னர் இசுசு எஞ்சின் வந்த பிறகே அவ்வண்டி தனக்குரிய ஓட்டத்தைப் பெற்றது. நம் சென்னையை அடுத்து இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் 1985இல் ரோவர் காரின் நவீன உடலுக்குள், பழைய ஸ்டாண்டர்டு வகையின் இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விற்றது. 1988இல் அதன் உற்பத்தி நின்றது. வரைபடமும் பொறியாளர்களும் கையிலிருந்த நிறுவனங்களுக்கே இயைபு என்பது இத்தனை அரிதாயிருந்தது.

இனி நம் வினாவுக்கு வருவோம். அம்ரு எஞ்சினைத் திருப்பி அனுப்பலாமா? வாங்கிய பொருளில் ‘ஐபு’, அதாவது குறை, முன்பே இருந்தது தெரிய வந்தால் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் முடிவு. ஆனால் குறை என்பது பொருளின் மதிப்பைக் குறைப்பதாக, அவ்வகைப் பொருளில் இயல்பாக இல்லாததாக இருக்க வேண்டும். அம்ருவின் வண்டியில் உட்காராமை எஞ்சினின் குறையன்று. வேறொரு வண்டியில் அது முழு விலை பெறும். எனவே குறையின் பெயரால் அவர் கேட்க முடியாது. அவருக்கு வேறொரு வாயில் உண்டு. இன்ன தன்மை உடையது என்ற நிபந்தனையோடு வாங்கிய பொருளில் அத்தன்மை இல்லையென்றால், பொருள் பழுதற்றதாயினும் திருப்பித்தரலாம். பால் கறக்கும் ஆடு என்று பேசி வாங்கியது பால் தராவிட்டால், ஆடு கொழுத்திருக்கிறது என்பது விடையாகாது. ஆகவே அம்ரு, “1976ஆம் ஆண்டு அம்பாசடர், பெட்ரோல், நான்கு கியர் பெட்டி, இதற்குப் பொருந்துவது வேண்டும்” என்று பேசியிருந்தால் அவர் கை ஓங்கும். “அம்பாசடர் எஞ்சின்” என்று மட்டும் கேட்டிருந்தால், கேட்டது கிடைத்துவிட்டது.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இவ்விடத்திலேயே வந்து நிற்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவில், வாங்குபவர் தம் நோக்கத்தை விற்பவருக்குத் தெரிவித்து அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால், அந்நோக்கத்துக்குப் பொருள் உதவ வேண்டும் என்பது சொல்லாமலே அமைந்த நிபந்தனை என்கிறது. வணிகப் பெயரைச் சொல்லி இன்னதைக் கொடு என்று கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் கூறுகிறது. நூற்றாண்டுகள் இடைவெளியில், வேறு வேறு நாடுகளில் இருந்து எழுதியவர்கள் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்: தேவையை வாய்விட்டுச் சொல்லாதவருக்காக எந்த நீதிபதியும் அதை ஊகிக்க முடியாது.

இதுவரை ஜைது நேர்மையானவர் என்றே கொண்டோம். எஞ்சினிலும் குறை இருந்தால்? உள்ளே பிளாக்கில் வெடிப்பு. அல்லது சிலிண்டர் பலமுறை போர் அடிக்கப்பட்டு, இனி அடிக்க இடமில்லாத நிலை. பிஸ்டனின் தலையில் பொறித்த எண்ணைப் பார்த்தால் எத்தனையாவது அளவு என்று தெரியும். ஆனால் அதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். “பிரித்த எஞ்சினைத் திரும்ப எடுப்பதில்லை” என்பது கடைக்காரர் வாதம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. முட்டை, தேங்காய் போன்றவற்றை உடைத்தாலன்றி உள்ளே கெட்டிருப்பது தெரியாது. அறிவதற்கு வேண்டிய அளவே உடைத்தவர், கெட்டதைக் கண்டால், உடைத்ததற்கு ஈடு எதுவும் தராமல் திருப்பித்தரலாம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்த அம்ரு தேங்காய் உடைத்தவரின் நிலையில் இருக்கிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது. எஞ்சினை முழுதும் பிரித்துப் பரப்பிவிட்டு வந்தால் வழக்கு வேறு.

சரி, ஜைது முன்கூட்டியே, “இருக்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கேள்வி இல்லை” என்று சொல்லிவிட்டாரென்று வைப்போம். இங்கே மத்ஹபுகள் பிரிகின்றன. நம் உள்நாட்டு ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபில், எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்று பேசி விற்றால் அப்பேச்சு செல்லும். கடலோர ஊர்களின் ஷாஃபிஈ மத்ஹபிலோ, வலுவான கருத்தின்படி, அது உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருக்கும், விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே செல்லும். பிராணி நலத்திலும் நோயிலும் ஒன்றுபோல் உண்கிறது. அதன் இயல்பு மாறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே என்ன என்று விற்பவருக்கும் தெரியாது என்பது காரணம். அப்படியானால் பழைய எஞ்சினைப் பிராணிக்கு ஒப்பிடலாமா? அதுவும் எண்ணெய் குடிக்கிறது, இருமுகிறது, உள்ளே இருப்பதைக் காட்டுவதில்லை. ஆயினும் ஒப்பு முழுமையன்று. காளையின் வயிற்றை அறுத்துப் பார்த்துவிட்டு உழ முடியாது. எஞ்சினின் ஹெட்டை ஸ்பேனர் கொண்டு சில மணி நேரத்தில் திறந்து மூடலாம். அறிய முடிந்த ஒன்றை அறியாமல் வைத்துக்கொண்டு அறியேன் என்பது, அறியாதவரின் சலுகைக்கு உரியதன்று. ஹனஃபி முடிவின்படி கடையில் ஜைது விடுபடலாம். ஆனால் அந்த மத்ஹபின் இமாமே துணி வணிகர். குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள் என்றும், அவர் மறந்து விற்றுவிட்டபோது அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சட்டத்தின் எல்லை எது, மனிதரின் எல்லை எது என்பதை அப்பெருந்தகை ஒன்றாகக் கருதவில்லை.

அறிந்தே மறைப்பவரைப் பற்றி ஆராய்ச்சி தேவையில்லை. விற்கும் முன் சில நாள் கறவாமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டும் வஞ்சகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தேய்ந்த எஞ்சினில் தடித்த எண்ணெயை ஊற்றிச் சத்தத்தையும் புகையையும் அடக்கிக் காட்டுவது அதே மடிதான். வெளியே புதுப் பெயிண்ட் பூசுவதும் அவ்வகைதான்.

இவ்விருவரையும்விட நமக்குக் கவலை தருபவர் மூன்றாமவர். வண்டியையும் பார்த்து, எஞ்சினையும் பார்த்து, “பொருந்தும்” என்று சொல்லத்தக்க ஒரே மனிதர் மெக்கானிக். அம்ரு அவரையும் அழைத்துக்கொண்டுதான் சென்னைக்குப் போவார். போக்குவரத்தும் சாப்பாடும் கூலியும் கொடுப்பார். அந்த மெக்கானிக் ஜைதிடம் தனியாகக் கமிஷன் பெற்றிருந்தால் என்ன ஆகும்? ஜைது ஒன்றை அறியாமல் பேசினார், அம்ரு மற்றொன்றைக் கேளாமல் விட்டார். இவரோ இரண்டையும் அறிந்தவர். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் சுமந்தவர். தரகு பெறுவது ஹராமன்று. இருவருக்கும் தெரியப் பெறுவது தொழில். ஒருவருக்குத் தெரியாமல் பெற்றுக்கொண்டு அவர் சார்பில் சோதனை செய்வதாக நடிப்பதை எந்தப் பெயரால் அழைப்பது? ‘எல்லாரும் செய்வதுதானே’ என்கிறார்கள். எல்லாரும் செய்வதாலேயே எந்த மெக்கானிக்கின் சொல்லையும் இன்று ஒருவர் நம்பத் தயங்குகிறார். நேர்மையான மெக்கானிக்கும் அதன் விலையைக் கொடுக்கிறார்.

இப்போது பயணமே இல்லாமல் கைப்பேசியில் நான்கு படங்களைப் பார்த்துப் பணம் அனுப்பும் பழக்கம் வந்திருக்கிறது. காணாத பொருளை வாங்குவதை ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய கருத்து ஏற்பதில்லை. ஹனஃபி மத்ஹபு ஏற்று, கண்ட பின் வேண்டாமென்று விடும் உரிமையைத் தருகிறது. படம் காட்சியாகுமா என்பதை முஃப்திகள் பேசட்டும். முன்புறத்தை மட்டும் எடுத்த படம் முதுகுப்புறத்தைக் காட்டாது என்பது மட்டும் உறுதி. படம்தான் வழி என்றால், பின்தகடு, கிளட்ச், பிளாக்கில் பொறித்த எண் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணைக் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பொறித்த எண் அராவப்பட்டிருந்தால் அந்த எஞ்சின் யாருடையது என்ற கேள்வி பிறக்கிறது. பிறர் பொருளை எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் வாங்கலாகாது. மேலும் வண்டியின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்தச் சொல்கிறது. 2021இல் வந்த விதி, ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகத் தனியே பதிந்துகொள்ள இடமளிக்கிறது. ஆனால் சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்யாது, தொடக்க நிலையிலேயே பேணப்பட்டதாக அது இருக்க வேண்டும். அம்ருவின் வண்டி அந்த வயதை எட்டுகிறது. அதில் டீசலோ இசுசுவோ வைத்தால் வண்டி ஓடும். தந்தையாரின் வண்டி என்று சொல்லவும் சொல்லலாம். பதிவு அலுவலர் அதை ஒப்பமாட்டார்.

அம்ரு புறப்படும் முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. பழைய எஞ்சினைக் கழற்றி, அதன் பின்தகட்டின் மேல் ஓர் அட்டையை வைத்துத் துளைகளைக் குறித்துக்கொள்ளலாம். பழைய கிளட்ச் தட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கடையில் ஜைதிடம், “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று அச்சிட்ட ரசீதின் அடியில், இன்ன ஆண்டு வண்டிக்கு, இன்ன கியர் பெட்டிக்கு, பொருந்தும் என்று பேசிக் கொடுத்தது, எஞ்சின் எண் இன்னது, பொருந்தாவிடில் இத்தனை நாளுக்குள் திரும்பப் பெறப்படும் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடச் சொல்லலாம். ஜைது எழுதித் தந்தால் வாங்கலாம். எழுதத் தயங்கினால், அட்டையையும் கிளட்ச் தட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். புதுப்பேட்டையில் கடைகளுக்குக் குறைவில்லை.